ஆறாம் நம்பர் நாற்காலி

தாமுவே, ரங்கூன்
3 ஆகஸ்ட் 2009, திங்கள்

கோ உதயாவுக்கு,

ஷிரின் எழுதுகிறேன். சண்டை இருந்தாலும் பெயருக்கு முன்னால் மரியாதைக் 'கோ'வை விடவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கடைசிவரை படித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போடுங்கள்.

நாலு மாதம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று கேட்பீர்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. ஏப்ரலில் கம்ப்யூட்டர் விளையாட்டில் நம் வட்ட ரயில் கூட்டத்திலிருந்து உங்களை நீக்கியது நான்தான். அந்தக் கதையைப் பேச இப்போது நேரமில்லை.

இன்று காலை நம் கம்ப்யூட்டர் கடை வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கண்ணாடியும் கறுப்பு. இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், விளையாட வருகிற ஆட்கள் இல்லை. நேற்று ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து மணிவரை எந்தத் திரையில் என்ன ஓடியது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். இப்ராஹிம் மச்சானைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கடை முதலாளி, என் அக்கா புருஷன், எங்கள்மேல் மட்டும் சிங்கம். அந்த ஆட்களிடம் நீங்கள் யார் என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாத் திரையையும் படம் பிடித்து வைக்கச் சட்டம் இருக்கிறதே, அந்தப் படங்களைத் திறந்து காட்டிவிட்டார்.

அவர்களை அனுப்பியது ரெட் சின்தே. ஏழு கோட்டை விளையாட்டில் மூன்று வருஷமாக வடக்குக் கோட்டைக்காக நம்மோடு மல்லுக்கட்டுகிற அதே ரெட் சின்தே. திரையில் சிவப்புக் கவசம் போட்டு ஓடுகிற ஒரு பொம்மை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பொம்மைக்குப் பின்னால் ஒரு கார் இருக்கிறது. காருக்குப் பின்னால் மிங்கலாடோனில் ஒரு பெரிய வீடும், அந்த வீட்டில் பட்டாளத்தில் பெரிய பதவியில் ஒரு அப்பாவும் இருக்கிறார்களாம். போகும்போது ஒருவன் மச்சானிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் தேடுவது உங்களை. உங்கள் பெயரும் இன்சீன் விலாசமும் அவர்களிடம் இருக்கிறது. ஏன் எப்படி என்று கேட்காதீர்கள். தாமுவே பக்கம் வராதீர்கள். வீட்டிலும் கொஞ்ச நாள் இருக்க வேண்டாம்.

இதைக் கொண்டு வருகிற ஹமீதுன்னிசா சாச்சியை நம்பலாம். இன்சீன் சந்தையில் துணி விற்க வாரம் மூன்று நாள் ரயிலில் வருகிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, வழியில் வேறு யார் பிரித்தாலும் திணறட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

ஷிரின்

*

இன்சீன்
5 ஆகஸ்ட் 2009

வட்ட ரயில் கூட்டத்தின் மாண்புமிகு தலைவி அவர்களுக்கு,

தங்கள் கருணைக் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. இரண்டாம் தடவை படித்தால் புரியுமோ என்று வைத்திருந்தேன். புரியவில்லை.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு நான் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கால் வைக்கவில்லை. என்னை நீக்கிய அன்றைக்குப் பதினெட்டுப் பேர் பார்க்க "துரோகி" என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். மூன்று வருஷம் ராப்பகலாக வளர்த்த என் மாலுமியை ஒரே தட்டில் தெருவில் நிறுத்தினீர்கள். எழுபத்தோராம் படி. உங்கள் கூட்டத்தில் வேறு யாராவது அறுபதைத் தாண்டியிருந்தால் சொல்லுங்கள். விளையாட்டில் ஒரு பொம்மைக்கு அழுகிறானே என்று அம்மா சிரித்தார்கள். நான் அழத்தான் செய்தேன். அதில் வெட்கமில்லை.

அப்படி நாலு மாதமாக விளையாடாத ஒருத்தனை ரெட் சின்தே ஏன் தேடுகிறான்? ஞாயிற்றுக்கிழமை படங்களில் நான் எப்படி வந்தேன்? ஏன் எப்படி என்று கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் இருக்க நான் என்ன உங்கள் கூட்டத்து ஆளா?

என் நிலைமையைச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். எனக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. சரக்குக் கப்பல், சிங்கப்பூரில் ஏற வேண்டும். ஆகஸ்ட் 29-ல் விமானம். அதற்குள் வார்டு ஆபீசில் நன்னடத்தைக் கடிதமும், போலீசில் என் பேரில் வழக்கில்லை என்று ஒரு தாளும் வாங்க வேண்டும். எவனாவது என் பெயரைச் சொல்லி விரலை நீட்டினால் போதும், அந்தத் தாள் வராது. தாள் வராவிட்டால் கப்பல் இல்லை. கப்பல் இல்லாவிட்டால் அப்பா செத்த அதே ரயில்வே பட்டறை வாசலில் நானும் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

இது உங்கள் புதுவிதமான விளையாட்டு என்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதயசூரியன்

மடித்த பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை முனைத் தேநீர்க் கடையில் தெரியாத ஒருவன், கப்பலுக்குப் போகிற பையன் வீடு எது என்று கேட்டானாம். கடைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டார். ஷிரின், என்ன செய்து வைத்திருக்கிறாய்?

*

தாமுவே
8 ஆகஸ்ட் 2009

கோ உதயா,

சொல்லிவிடுகிறேன். சாச்சி மூன்று தரம் கிளம்பிவிட்டார், மூன்று தரமும் நிற்கச் சொல்லிவிட்டேன்.

நம் கடைப் பதிவேடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பச்சை அட்டை போட்ட நீளப் புத்தகம். தேதி, நாற்காலி நம்பர், பெயர், அடையாள அட்டை எண், விலாசம், வந்த நேரம், போன நேரம். ஓடுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதில் ஒரு ஆள் இருக்க வேண்டும். படம் இருந்து ஆள் இல்லாவிட்டால் கடையை மூடிவிடுவார்கள்.

நான் விளையாடும்போது என்ன எழுதுவது? எனக்குத்தான் அட்டையே இல்லையே. மனுப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வார்டு ஆபீசில் நாளைக்கு வா என்பார்கள், நாளைக்குப் போனால் உன் தாத்தா எந்தத் தேதியில் வந்தார் என்று கேட்பார்கள். அட்டை இல்லாத பெண் கவுண்டரில் இருப்பதே மச்சானுக்குப் பயம். அதனால் ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்துவரை நான் ஆறாம் நாற்காலியில் உட்காரும்போது வேறு யார் பெயரையாவது எழுதிவிடுவேன்.

ஏப்ரலுக்குப் பிறகு எழுதியதெல்லாம் உங்கள் பெயர். மூன்று வருஷம் என் கண் முன்னால் எழுதிய எண். எனக்கு மனப்பாடம். நீங்கள்தான் வரப்போவதில்லையே என்று நினைத்தேன்.

இன்னும் இருக்கிறது. உங்கள் மாலுமியையும் நான்தான் எடுத்தேன். கடவுச்சொல்லை எப்போதோ என்னிடம் கொடுத்திருந்தீர்கள், மாற்றவில்லை. நாம் துரத்திய துரோகி என்பதால் ரெட் சின்தே மாலுமியைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டான். சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டான். மூன்று மாதம் அவன் பக்கத்தில் நின்று சண்டை போட்டேன். வடக்குக் கோட்டைச் சாவியை மாலுமி கையில் கொடுக்கும் அளவுக்கு நம்பினான். போன ஞாயிறு நாலரை மணிக்கு உள்ளே இருந்து கதவைத் திறந்துவிட்டேன். நம் ஆட்கள் பதினேழு பேரும் புகுந்துவிட்டார்கள். ரெட் சின்தே செத்து விழுந்த இடத்தில் நின்று மாலுமியை ஆட வைத்தேன். இருநூறு பேர் பார்த்தார்கள். "உன் அப்பாவைக் கூப்பிடு" என்று எழுதினேன். பொதுவாகச் சொல்வதுதானே, சின்னப் பிள்ளைச் சண்டையில் சொல்கிற மாதிரி. அவனுக்கு இப்படி ஒரு அப்பா இருப்பார் என்று யார் கண்டார்கள்!

தோற்றுத் தோற்று வயிறு எரிந்துபோய் இருந்தேன், கோ உதயா. வேறு எங்கும் நான் ஜெயித்ததில்லை. வீட்டில் இல்லை, வார்டு ஆபீசில் இல்லை. அந்தக் கோட்டை ஒன்றுதான் இருந்தது.

என்னைத் திட்டுங்கள். ஆனால் வீட்டில் இருக்காதீர்கள்.

ஷிரின்

*

இன்சீன்
11 ஆகஸ்ட் 2009

ஷிரின்,

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்ற கதை கேட்டிருக்கிறேன். நீ அந்த ஓணானை எடுத்து என் மடியில் விட்டிருக்கிறாய்.

நீ சொன்னபடி வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஓடி ஒளிய எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அய்யாசாமி மாமா. அவர் வீடு எங்கே தெரியுமா? மிங்கலாடோன். புலிக்குப் பயந்தவன் புலியிடமே போய்ப் படுத்த மாதிரி. போனேன். மாமா நல்ல மனுஷன், வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்தங்குறதுன்னா வார்டு ஆபீசுல பேரு எழுதிறணும்டா. இங்க வீடு வீடாப் பாக்குறாங்க, எழுதாம ஆளு இருந்தா என்னையத் தூக்கிருவாங்க" என்றார். நியாயம்தான், எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆபீசுக்குப் போனோம். எழுத்தர் என் அட்டையை வாங்கி எண்ணை எழுத ஆரம்பித்தார். அவர் பேனா நகர நகரத்தான் எனக்கு உறைத்தது. எங்கே ஒளிந்தாலும் ஒளிந்த இடத்தை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். கதவு தட்டினால் அம்மா போய்த் திறக்கிறார்கள். நான் பின்பக்கம் போய் நின்றுகொள்கிறேன். இருபத்துநாலு வயது ஆள். எங்கள் தெருக்கோடியில் நின்றால் சிறைச்சாலை மதில் தெரியும், சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்து அது கண்ணில் படுவதே இல்லை. இந்த வாரம் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

இனி ஒன்று சொல்கிறேன். சொல்லவே கூடாது என்று இருந்தேன். கோபத்தில் வருகிறது, வரட்டும்.

ஏப்ரலில் கோட்டைக் கதவைத் திறந்தது நான்தான். நீ என்மேல் சந்தேகப்பட்டது சரி. ஆனால் ஏன் என்று நீ கேட்கவே இல்லை. முதல் நாள் சனிக்கிழமை ரெட் சின்தே எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி எழுதினான். "உங்கள் தலைவி யார் என்று எனக்குத் தெரியும். தாமுவே கடைக் கவுண்டரில் முகத்தில் தனாக்காச் சாந்து பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண். அட்டை இல்லாமல் வேலை பார்க்கிறாள். நாளைக்குக் கோட்டை எனக்கு வராவிட்டால் நானே அந்தக் கடைக்கு வருவேன்." இதுதான் அவன் எழுதியது. எப்படித் தெரிந்ததோ. நம் பதினெட்டுப் பேரில் எவனோ வாய் விட்டிருக்கிறான்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வீம்புக்கு அவனை இன்னும் நாலு அடி அடிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? கோட்டை போனால் போகட்டும் என்று கதவைத் திறந்தேன். துரோகி என்று நீ எழுதியதையும் வாங்கிக்கொண்டேன்.

அவன் அந்தக் கடை வாசலுக்கு வரக்கூடாது என்று நான் கொடுத்த கோட்டை அது. அதைத் திருப்பிப் பிடித்து அவனை வாசலுக்கே கூட்டி வந்துவிட்டாயே ஷிரின்.

உதயா

*

தாமுவே
13 ஆகஸ்ட் 2009

கோ உதயா,

உங்கள் கடிதத்தைக் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். மச்சான் என்ன என்று கேட்டார். வயிற்று வலி என்றேன். பொய் இல்லை.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் எனக்கு மொஹிங்கா வாங்கி வந்தீர்கள். சாப்பிடச் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். ஏன் இந்த ஆள் இன்றைக்கு ஊமையாக இருக்கிறார் என்று கேலி செய்தேன். இப்போது ஞாபகம் வருகிறது. மன்னிப்பு என்று எழுதினால் அந்தச் சொல் போதாது, அதனால் எழுதவில்லை.

நேற்று விளையாட்டுக்குள்ளே போய் ரெட் சின்தேயைத் தேடிப் பிடித்தேன். என் சொந்தப் பெயரில் போனேன். வடக்குக் கோட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், கூட்டத்தையே கலைத்துவிடுகிறேன், விட்டுவிடு என்றேன். அவன் பதில் எழுதினான். அப்படியே தருகிறேன்.

"கோட்டை எனக்கு வேண்டாம். ஆறாம் நாற்காலியில் உட்கார்ந்தவன் வேண்டும். வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வருவேன். அவன் இல்லாவிட்டால் இன்சீன் விலாசத்துக்குப் போவேன். தனியாகப் போகமாட்டேன்."

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நீங்கள் வராதீர்கள். இதைத் தெரிவிக்கத்தான் எழுதுகிறேன், கூப்பிட இல்லை. ஆறாம் நாற்காலியில் உட்கார்ந்தது நான். ஞாயிறும் நானே உட்காருவேன். மச்சான் ஞாயிறு மத்தியானம் அக்காவோடு மாமியார் வீட்டுக்குப் போகிறார், கடையில் நான் தனி. பதிவேடு என் கையில் இருக்கும்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. உம்மா நான் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்கிறார்கள். நோன்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கே, இப்பவே ஆரம்பிச்சுட்டியா என்கிறார்கள்.

ஷிரின்

*

இன்சீன்
15 ஆகஸ்ட் 2009

ஷிரின்,

சாச்சி அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டுமாம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நாளை நான் வருகிறேன். நீ ஆறாம் நாற்காலி பக்கம் போகாதே. கடையைத் திறந்து வைத்துவிட்டு எதிர் வீட்டில் போய் உட்கார்ந்துகொள். பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது, திரையில் என் மாலுமி இருக்கிறான், நாற்காலியிலும் நானே இருந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அடித்தால் இரண்டு அடி வாங்கிக்கொள்கிறேன். கப்பல் போனால் போகட்டும். ஒரு தடவை உனக்காகக் கதவைத் திறந்தவன் இன்னொரு தடவை உட்காரமாட்டானா?

அட்டை இல்லாத பெண்ணை அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். உன்னைக் காணோம் என்று எழுதிக் கொடுக்கக்கூட உன் வீட்டாரிடம் ஒரு எண் இல்லை. யோசித்துப் பார்.

வருகிறேன். மூன்று மணிக்கு முன்னால் அங்கே இருப்பேன்.

உதயா

*

தாமுவே
17 ஆகஸ்ட் 2009, திங்கள்

கோ உதயா,

நான் உயிரோடு, வீட்டில், முழுசாக இருக்கிறேன். முதலில் இதைப் படித்து மூச்சு விடுங்கள்.

நேற்று மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆறாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டேன். மழை பெய்துகொண்டிருந்ததால் வேறு யாரும் வரவில்லை. கார் வந்தது. நீங்கள் வரவில்லை. வராதது எவ்வளவு நல்லது என்று சொல்லத்தான் இந்த விவரமெல்லாம்.

அவனே இறங்கி வந்தான். கூட வந்த இருவரும் கதவருகில் நின்றுவிட்டார்கள். கோ உதயா, அவனுக்குப் பதினேழு வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி, முகமெல்லாம் பரு. குடையை மடித்து மூலையில் ஒழுங்காக வைத்தான். "எங்கே அவன்?" என்று கேட்டான்.

அவன் பார்க்கப் பதிவேட்டைத் திறந்தேன். ஏப்ரலிலிருந்து ஆறாம் நாற்காலிக்கு எதிரே உங்கள் பெயர் இருந்த வரிகள் பதினாறு. பதினாறையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஷிரின், ஷிரின் என்று எழுதினேன். எண் போடுகிற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

"அட்டை இல்லாத ஆளை நான் எங்கே என்று தேடுவது?" என்றான்.

"தேட வேண்டாம், இங்கேயேதான் இருக்கிறேன்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை.

பக்கத்து ஐந்தாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "திற" என்றான். மாலுமியைத் திறந்தேன். கவசத்தைக் கழற்றச் சொன்னான். ஆற்றில் எறியச் சொன்னான். வாள், கேடயம், நீங்கள் ஏழு மாதம் அலைந்து வாங்கிய அந்த நீலக் கொடி, ஒவ்வொன்றாக. அவசரப்படுத்தவே இல்லை. ஒன்று முங்கி மறைந்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னான். வெறும் ஆளாக நின்ற மாலுமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்போது அழி" என்றான். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது. ஆமாம் என்று இரண்டு தடவையும் என் விரல்தான் தட்டியது.

ஐம்பது நிமிஷம். குரலை உயர்த்தவில்லை, என்மேல் கை வைக்கவில்லை. எழுந்திருக்கும்போது, "என் அப்பாவைக் கூப்பிடச் சொன்னது நீதானா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினான். பதிவேட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது உங்கள் பெயர் அதில் அடிபட்டுக் கிடக்கிறது. போலீஸ் தாளை வாங்கிக்கொண்டு போய்ச் சேருங்கள். மாலுமிக்கு என்னை மன்னியுங்கள்.

பதிவேட்டைத் தொலைத்ததற்கு மச்சான் அறைந்தார். கடையைக் கொஞ்ச நாள் மூடி வைத்திருக்கிறார்.

ஷிரின்

*

இன்சீன்
18 ஆகஸ்ட் 2009

ஷிரின்,

ஞாயிறு கிளம்பும் நேரத்தில் அம்மாவுக்குத் திடீரென்று கடும் காய்ச்சல். விட்டுவிட்டு வர முடியவில்லை. நான் வந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. என்ன செய்வது, நேரம் அப்படி.

மாலுமியைப் பற்றிக் கவலைப்படாதே, பொம்மைதானே.

போலீஸ் தாள் இன்று கிடைத்துவிட்டது.

உதயா

*

சிங்கப்பூர்த் துறைமுகம்
21 செப்டம்பர் 2009

ஷிரினுக்கு,

பெருநாள் வாழ்த்து. கப்பல் பழுதுபார்க்க நிற்கிறது. இங்கே ஒரு வாரம் இருப்போம், பிறகு மறுபடி அடுத்த மாதம் நடுவில் இதே துறைமுகத்துக்கு வருவோம்.

புறப்படுவதற்கு முன் உன்னைப் பார்க்க வரவில்லை. கடிதமும் எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை, சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை.

ஞாயிறு நான் வந்தேன். ரயில் இரண்டரைக்கே தாமுவே வந்துவிட்டது. கடைக்கு எதிர்ப்புறம் கரும்புச்சாறு வண்டியில் தார்ப்பாய் போர்த்தியிருந்தது, அதன் பக்கத்தில் குடையோடு நின்றேன். நீ ஆறாம் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. உள்ளே போய் உன்னை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரோடு இருபது அடி இருக்குமா? அப்போது கார் வந்தது. கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. நீ குனிந்து ஏதோ எழுதுவது தெரிந்தது. என்ன எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பஸ் கடந்தது, அது போகட்டும் என்று நின்றேன். இன்னொரு பஸ். பிறகு பஸ் எதுவும் வரவில்லை, அப்போதும் நின்றேன். இருபது நிமிஷம். அதன் பிறகு ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன்.

ஏப்ரலில் உனக்காகக் கோட்டையைக் கொடுத்தேன் என்று எழுதினேனே, அது பெரிய காரியமில்லை. இல்லாத கோட்டையை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். கப்பல் கையில் இருந்தது, அதைத்தான் கொடுக்க முடியவில்லை.

இங்கே எல்லாத் தாளிலும் பெயரும் அட்டை எண்ணும் எழுதச் சொல்கிறார்கள். நீ மனப்பாடமாக எழுதிய எண். எழுதும்போதெல்லாம் உன் கை ஞாபகம் வருகிறது.

பதில் எழுதாவிட்டாலும் சரி. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி மட்டும் எழுது. ஏஜெண்டு ஆபீஸ் விலாசம் பின்பக்கம்.

உதயா

*

தாமுவே
4 அக்டோபர் 2009, ஞாயிறு

கோ உதயா,

பக்கத்து வீட்டுப் பீர் முகைதீன் காக்கா நாளை சிங்கப்பூர் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போடப் பயம்.

கடையைத் திறந்துவிட்டோம். புதுப் பதிவேடு வாங்கியாயிற்று. நான் கவுண்டரில் மட்டும் உட்காருகிறேன், விளையாடுவதில்லை. நம் கூட்டம் கலைந்துவிட்டது. ஆறாம் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எழுப்பி வேறு நாற்காலி கொடுத்துவிடுகிறேன். ஏன் என்று மச்சான் கேட்டார். ஒரு கால் ஆடுகிறது என்றேன்.

பழைய பதிவேடு திரும்பி வரவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு அந்தக் கார் வருகிறது. எல்லா ஞாயிறும் இல்லை. சிலசமயம் இரண்டு வாரம் வராது, சரி போயிற்று என்று நினைப்பேன், மூன்றாம் வாரம் வந்துவிடும். யாரும் இறங்குவதில்லை. எதிரே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறது. வந்தால் வந்துவிட்டதே என்று பயம், வராவிட்டால் அடுத்த ஞாயிறைப் பற்றிப் பயம். இன்றைக்கு இன்னும் வரவில்லை. மணி மூன்று ஐந்து. எழுதிக்கொண்டே வாசலைப் பார்க்கிறேன்.

உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அட்டை மனுவைப் பற்றிக் கேட்க வார்டு ஆபீசுக்குப் போகச் சொல்கிறார்கள். என் பெயரை அங்கே போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அதனால் கால் நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதியது எனக்குப் புரிகிறது. அப்படி உங்களை நீங்களே போட்டு அடித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அணைந்த திரை கண்ணாடி மாதிரிதானே. என் முதுகுக்குப் பின்னால் இருந்த ரோடு முழுக்க அதில் தெரிந்தது. கரும்புச்சாறு வண்டியும், மூன்று வருஷமாக நம் கடை மூலையில் பார்த்த உங்கள் நீலக் குடையும் தெரிந்தன. கார் வருவதற்கு முன்பே நீங்கள் வந்துவிட்டது எனக்குத் தெரியும்.

நீங்கள் ரோட்டைத் தாண்டி வந்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் பதினாறு வரியையும் அவ்வளவு வேகமாக எழுதினேன். குடை திரும்பி ஸ்டேஷன் பக்கம் போன பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது.

ஷிரின்